எடை சரியாக இருந்த பெட்டி

கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, கணினிக்குள் பூட்டும் பவர் சப்ளைப் பெட்டி ஒன்றை உள்ளங்கையில் ஏந்தி, மூன்று மூச்சு விடுவதற்குள் "இதன் வயிற்றில் சிமெண்டு இருக்கிறது" என்று சொன்னவள் நான். எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஸ்குரூ டிரைவரைத் தொடவில்லை. காதருகே வைத்துக் குலுக்கக்கூட இல்லை. கெடா மாநிலத்தில் இப்படி ஒரு கை இதுவரை பிறந்ததில்லை. பக்கத்து மாநிலமான பெர்லிசில் பிறந்திருந்தால் எனக்குத் தகவல் வந்திருக்கும்.

நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். வரிசையில் முதல் இடம் என் தம்பி மனோகரனுக்கு. பாடாங் மேஹா பக்கம் ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் ஆள் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆள் எதிரே வந்து நின்று வணக்கம் சொன்னாலும், பெயர்ப் புத்தகத்தில் கோடு விழவில்லையென்றால் அந்த ஆள் வேலைக்கு வரவில்லை என்று எழுதிவிடுகிற இனம் அது. முத்திரைச் சாப்பு குத்திய காகிதம் காட்டாமல் அவனிடம் மழை பெய்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது.

நான் பிரேமாவதி. பாக்கார் ஆராங்கில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தேன். வெளியிலிருந்து வரும் சாமான்களைச் சோதித்து உள்ளே அனுப்பும் பிரிவு. மிளகைவிடச் சின்னச் சாமான்கள் ஆயிரம் ஆயிரமாக வரும். யாரும் எண்ணமாட்டோம், நிறுத்துப் பார்ப்போம். தராசு பழுதானால் என் கையில் வைப்பார்கள். ஜப்பானிலிருந்து வந்த மேலாளர் ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டுத் தராசுக்கு ஒரு வாரம் விடுமுறை கொடுத்தார். சரி, அவர் ஜப்பான் இல்லை, நம் நாட்டு ஈப்போ. தராசில் பேட்டரி தீர்ந்திருந்தது. ஒரு வாரமும் இல்லை, ஒரு மத்தியானம். ஆனால் கை இதே கைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் ஷீலாவுக்கு முப்பத்து மூன்று வயது. அவள் வேலை பார்த்த கம்பெனி மார்ச் மாதம் கடையைக் கட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போனது. சும்மா இருக்காமல் சமையலறை வரையக் கற்றுக்கொண்டாள். கணினியில் சுவரை எழுப்பி, கேபினட்டை மாட்டி, ஜன்னல் வழியாக வெயிலை விட்டு, பார்ப்பவர் உள்ளே நடந்துபோவதுபோல வீடியோ ஆக்கிக் கொடுப்பது. மெர்கோங்கில் கேபினட் செய்யும் கம்பெனி ஒன்று அவளுக்கு ஒரு சோதனை வைத்தது. பன்னிரண்டு படம், ஒரு நிமிட வீடியோ, வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள். பிடித்திருந்தால் வீட்டிலிருந்தே நிரந்தர வேலை. இல்லையென்றால் அதே சோதனையை எழுதுகிற இன்னொரு பெண்ணுக்கு. நம் ஊரில் வெள்ளியும் சனியும் விடுமுறை, தெரியுமல்லவா. வியாழன் ஐந்து மணிக்கு மூடுகிற கதவு ஞாயிற்றுக்கிழமை திறக்கும்போது உள்ளே வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பாள்.

ஷீலாவின் கணினி, கடையிலேயே முழுதாகப் பூட்டி விற்கிற ரகம். வாங்கும்போது அழகாக இருந்தது. வேலை என்று வந்தால் ஒரு படம் முடிக்க நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டது. எட்டுப் படம் செத்துப் பிழைத்து முடிந்திருந்தது. நான்கு படமும் வீடியோவும் பாக்கி. தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் மூன்று மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றாள். ஆனால் அந்தக் கார்டு மின்சாரத்தைக் குடிக்கிற கார்டு. கணினியோடு வந்த பவர் சப்ளை ஹார்லிக்ஸ் டின் அளவுதான் இருந்தது. கார்டின் காலைப் பசியாறலுக்கே அது காணாது. ஆகவே இரண்டையும் மாற்ற வேண்டும்.

"நான் போய் வாங்கிட்டு வரேன்" என்று மனோகரன் முன்வந்தான். சந்தேகம் அங்கேயே எனக்கு வந்திருக்க வேண்டும். எந்தக் கல்யாணத்துக்கும் தேங்காய் வாங்கப் போகாதவன் அவன்.

"நபீல் கடையிலேயே வாங்குடா. ரெண்டுமே" என்றேன்.

நபீல் சுங்கை பட்டாணி டவுனில் கணினிக் கடை வைத்திருக்கிறான். அவனும் அவன் மனைவி ஹபீஸாவும்தான் கடையில். அந்தக் காலத்தில் அவன் அத்தா அதே இடத்தில் கைக்கடிகாரம் பழுது பார்த்தார்.

புதன்கிழமை மாலை மனோகரன் இரண்டு சாமானோடு வந்தான். கார்டு பெட்டியோடு, கடை ஸ்டிக்கரோடு இருந்தது. பவர் சப்ளை மட்டும் அம்மணமாக ஒரு பிளாஸ்டிக் பையில் வந்தது.

"இதோட பெட்டி எங்கடா?"

"நசுங்கிப் போச்சுக்கா. வர்ற வழியில தூக்கிப் போட்டேன்."

இருபத்தைந்து வருடத்துக்கு முன் வாங்கிய ஐஸ்பெட்டியின் அட்டைப் பெட்டியை இன்னும் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறவன் சொல்கிறான். நான் அவனை மேலும் கீழும் பார்த்தேன். அவன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். போன மாதத்துக் காலண்டர் அது.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வேலையை ஆரம்பித்தோம். ஓய்வு பெறும்போது தொழிற்சாலை எனக்குக் கடிகாரம் கொடுத்தது. நானாக எடுத்துக்கொண்டது மணிக்கட்டில் கட்டும் பட்டை. நம் உடம்பில் இருக்கிற மின்சாரம் சாமானைச் சுட்டுவிடாமல் இருக்க அதைக் கட்டுவோம். ஷீலா கையில் கட்டிவிட்டேன். பழைய பவர் சப்ளையைக் கழற்றினாள், புதியதை நான்கு ஸ்குரூவில் நிறுத்தினாள், கார்டை இடத்தில் அழுத்தினாள், கம்பிகளைச் சொருகினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை செய்தேன். விண்வெளி நிலையத்தில்கூட இவ்வளவு நேர்த்தியாகக் கம்பி கட்டியிருக்கமாட்டார்கள்.

பிறகு பூஜை. புதுக் காடி வாங்கினால் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். கணினிக்கு டயர் இல்லாததால் நான்கு மூலையிலும் வைத்தேன். சந்தனம், குங்குமம், மேலே மூன்று பட்டையாகத் திருநீறு. சூடம் காட்டும்போது ஷீலா நெருப்பை அணைக்கத் தயாராக ஈரத்துணியோடு நின்றாள். சந்தேகம் எங்கள் குடும்ப வியாதி.

சுவிட்சைப் போட்டோம். விளக்கு எரிந்தது, விசிறிகள் சுற்றின, புதுக் கார்டு வந்திருப்பதைக் கணினி கண்டுகொண்டது. ஷீலா ஒன்பதாவது படத்தை ஓடவிட்டாள். கார்டின் விசிறி உறுமியது. நான் விநாடிகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, பத்து, பதினொன்று. டக். கணினி செத்தது.

மறுபடி போட்டாள். பதினொன்றில் டக். மூன்றாம் முறை ஒன்பதிலேயே போனது.

பசியாற வந்த மனோகரன், மேசையைச் சுற்றி ஒரு தடவை நடந்து, பெட்டியின் மேல் விரலை வைத்து இழுத்துப் பார்த்தான். விரலில் திருநீறு.

"இதான் காரணம்" என்றான். "சாம்பலைக் கொண்டுபோய் விசிறிக்குள்ள கொட்டி வச்சிருக்க. ஷார்ட் ஆகாம என்ன செய்யும்?"

"முப்பது வருஷம் உன் நெத்தியில போட்டேன். நீ ஷார்ட் ஆனியா?"

"ஆகலன்னு யாரு சொன்னா?" என்றாள் ஷீலா, திரையைப் பார்த்தபடியே.

அவள் பழைய பவர் சப்ளையைத் திரும்பப் பூட்டி, கார்டைக் கழற்றிப் பார்த்தாள். கணினி எப்போதும்போல ஆமையாக ஓடியது. ஆகவே கெட்டது புதிதாக வந்த இரண்டில் ஒன்று. மணி பத்து.

"கார்டுதான்" என்றான் மனோகரன் உடனே. "கார்டை மட்டும் எடுத்துக்கிட்டு நபீல்கிட்ட போவோம்."

"பவர் சப்ளையும் எடுத்துட்டுப் போவோம் மாமா. ரெண்டையும் செக் பண்ணட்டும்."

"அது எதுக்குத் தூக்கிட்டு? பவர் சப்ளை நல்ல சாமான்லா. நயம் சாமான்."

என் காது இரண்டும் நிமிர்ந்துவிட்டன. மனோகரன் பிறந்ததிலிருந்து எந்தச் சாமானையும் நயம் என்று சொன்னதில்லை. கல்யாணத்தன்று பொண்ணைக் காட்டி எப்படி என்று கேட்டதற்கே "பரவால்ல" என்றவன்.

"அதை இங்க கொடு" என்றேன்.

கம்பிகளைச் சுருட்டி மேலே கட்டச் சொன்னேன். கையில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றதற்கு அவன் சிரித்தபோது, "கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுடா, அப்புறம் ஏமாத்தினேன்னு சொல்லாத" என்றேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவனே கட்டினான், இறுக்கமாக, சொந்த அக்கா என்ற இரக்கம் இல்லாமல். உள்ளங்கையில் பெட்டியை வைத்தான்.

இந்த இடத்தில் நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒழுங்கான பவர் சப்ளையில் கனமெல்லாம் நடுவில் உட்கார்ந்திருக்கும். செம்புக் கம்பி சுற்றிய பெரிய சாமான்கள் நடுவில்தான் இருக்கும். கையில் வைத்தால் பெட்டி தூங்குகிற குழந்தை மாதிரி அசையாமல் கிடக்கும். இது கிடக்கவில்லை. கட்டைவிரல் பக்கம் ஒரு மூலையில் இழுத்தது. பெட்டியைத் திருப்பினேன். இழுப்பும் கூடவே திரும்பிச் சுண்டுவிரலுக்குப் போனது. உள்ளே கனமான ஏதோ ஒன்று, வேலை எதுவும் இல்லாமல், மூலையில் குந்தியிருந்தது.

"சிமெண்டு" என்றேன்.

"என்னது?"

"உள்ள சிமெண்டு வச்சிருக்கான்."

மனோகரன், ஷீலா கேக் செய்ய வாங்கிய தராசைச் சமையலறையிலிருந்து கொண்டுவந்தான். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த காகிதத்தைச் சத்தம் போட்டுப் படித்தான். எடை ஒரு கிலோ எண்ணூறு. தராசில் வைத்தான். ஒரு கிலோ எண்ணூற்று நான்கு.

"பார்த்தியா? காகிதத்துல என்ன போட்டிருக்கோ அதான் இருக்கு. சிமெண்டாம். நாலு கிராம் சிமெண்டு."

"எடை சரியா இருக்கிறதாலதான்டா சந்தேகம்."

"எடை குறைஞ்சாலும் சந்தேகம், சரியா இருந்தாலும் சந்தேகம். உனக்கு எப்படிக்கா தூக்கம் வருது?"

எங்கள் தொழிற்சாலையில் நடந்ததைச் சொல்லி அவனுக்கு விளக்கினேன். நாங்கள் எடை போட்டுத்தான் வாங்குவோம் என்று தெரிந்துகொண்ட ஒரு வியாபாரி, சாமான் சுற்றி வரும் சுருளுக்கு நடுவில் இரும்பு வளையத்தை ஒளித்து வைத்து, மாதக்கணக்கில் சரியான எடையில் அனுப்பினான். அதைக் கண்டுபிடித்தவள் நான். நாடே பேசியது. குறைந்தபட்சம் எங்கள் கேன்டீன் பேசியது. தராசில் வைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிற ஊரில், திருடன் முதலில் எடையைத்தான் சரிசெய்வான்.

அதன்பின் நான் செய்த காரியம் ஒன்று உண்டு. சொல்லாமல் விட்டுவிடலாம்தான். கோபத்தில் கைப்பேசியை எடுத்து, எங்கள் தாமான் வீடுகளுக்கெல்லாம் பொதுவான வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "எல்லாரும் உஷாரா இருங்க. நபீல் கடையில பவர் சப்ளைன்னு சொல்லி சிமெண்டு விக்கிறாங்க. எங்க வீட்டுக்கு வந்ததுல மூணு மூட்டை இருக்கு."

அதைக் கேட்டதும் மனோகரன் என் கைப்பேசிக்குக் கை நீட்டினான்.

"அக்கா, அதை அழிச்சிடு."

"ஏன்?"

"நபீல் நல்லவன்க்கா. பாவம். அழிச்சிடு."

நபீல் நல்லவன் என்பது எனக்கும் தெரியும். ஆனால் மனோகரன் ஒருவனை நல்லவன் என்று சொல்வதை அறுபத்து நான்கு வருடத்தில் முதன்முறையாகக் கேட்கிறேன். அழிப்பதற்கு விரலை வைத்தேன். அதற்குள் நாற்பத்தொரு பேர் கேட்டிருந்தார்கள். ஒருவர் பயந்த முகப் படம் போட்டிருந்தார். இன்னொருவர் சிமெண்டு எந்த ரகம் என்று விசாரித்திருந்தார்.

"காடியை எடு" என்றேன்.

கணினி, கார்டு, பவர் சப்ளை எல்லாவற்றையும் பின்சீட்டில் ஷீலா மடியில் அணைத்துக்கொண்டாள். எங்கள் வீடும் பாக்கார் ஆராங்தான்; அங்கிருந்து டவுனுக்குப் பத்து நிமிடம். மனோகரன் அதை ஐம்பது நிமிடம் ஓட்டினான். டயரில் காற்று இல்லை என்று ஒரு இடத்தில் நிறுத்தினான். எண்ணெய் போட வேண்டும் என்று இன்னொரு இடத்தில். பிறகு ரொட்டி சானாய் கடையைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து, "ஷீலா பசியாறல போலிருக்கே" என்றான்.

"மாமா, மணி பதினொன்றரை" என்றாள் ஷீலா. அவ்வளவுதான் சொன்னாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கணினிப் பெட்டியின் ஓரத்தில் அவள் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

கடைக்குள் நுழைந்ததும் நபீல் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"வாங்கக்கா. சிமெண்டு வாங்க வந்தீங்களா? மணலும் ஜல்லியும்கூட இருக்கு. லாரி வேணும்னா சொல்லுங்க."

கைப்பேசியைப் பைக்குள் மறைத்தேன். இது எப்போதாவதுதான் நடக்கும்.

பவர் சப்ளையை மேசையில் வைத்தேன். அதை எடுத்து நான்கு பக்கமும் திருப்பினான். "இது எங்க கடை சாமான் இல்லையே."

அதான் பார்த்தேன், மாட்டிக்கொண்டதும் இல்லை என்கிறான் என்று என் மனம் சொன்னது. "நேத்துதானப்பா வாங்கிட்டு வந்தான் மனோகரன்" என்றேன்.

ஹபீஸா தன் கைப்பேசியோடு வந்தாள். அந்தக் கடையில் ஒரு பழக்கம். எதை விற்றாலும் வாங்கியவர் கையில் சாமானோடு நிற்க வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வாள்; பிறகு வாரண்டிக்கு அதுவே சாட்சி. புதன்கிழமைப் படத்தைக் காட்டினாள். மனோகரன், பள்ளிக்கூடப் பரிசு வாங்கியவன்போல, நெஞ்சுக்கு நேராகக் கார்டுப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேறு எதுவும் கையில் இல்லை.

"அண்ணன் கார்டு மட்டும்தான்க்கா வாங்குனாங்க. பவர் சப்ளை இருக்கு, எடுத்துக்கிறீங்களான்னு நான்தான் கேட்டேன். வேணாம்னுட்டாங்க."

எல்லாரும் மனோகரனைப் பார்த்தோம். அவன் ஒரு கீபோர்டின் விலைச்சீட்டை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"படத்துல பவர் சப்ளை விழாம போயிருக்கலாம்" என்றான்.

"எங்க விழுந்துச்சு, பாக்கெட்டுலயா?" என்றான் நபீல். அவன் குரலில் சிரிப்பு இல்லை. "அக்கா, காலையிலேர்ந்து மூணு பேரு ஆர்டரை கேன்சல் பண்ணிட்டாங்க. ஒருத்தர் அத்தா காலத்துலேர்ந்து வர்றவரு. ஃபோன் பண்ணி, நீயுமாடா தம்பின்னு கேக்குறாரு. நான் என்ன பதில் சொல்ல? இந்தப் பெட்டியில நான் கைய வச்சா, பழி என் மேல நிக்கும். யாரு எங்க வாங்குனதுன்னு சொல்ல வேண்டியவங்க சொல்லட்டும். அப்புறம் தொடுறேன்."

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் பின்னால் அலமாரியில் நல்ல பவர் சப்ளைகள் வரிசையாக இருந்தன. கை நீட்டினால் எட்டும் தூரம். சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டு அடிக்க எட்டு நிமிடம் இருந்தது. மூன்று மணி நேர வேலைக்கு ஐந்து மணி நேரம் பாக்கி. இன்னும் கொஞ்சம் வாதாடினால் அதுவும் கரையும்.

ஷீலா மனோகரன் பக்கத்தில் போய் நின்றாள்.

"மாமா, எங்க வாங்குனீங்கன்னு நான் திட்டப் போறதில்ல. எனக்கு இந்த வேலை வேணும். ஏழு மாசமா அம்மா பென்ஷன்ல சாப்பிடுறேன். வேற ஒண்ணும் எனக்குத் தெரிய வேணாம்."

மனோகரன் விலைச்சீட்டைக் கீழே விட்டான்.

"லைவ்ல வாங்குனேன்" என்றான்.

கைப்பேசியில் நேரலையில் சாமான் விற்கிறார்களே, அது. ராத்திரி படுத்துக்கொண்டு பார்ப்பானாம். ஒரு பெண் கையில் பெட்டியைத் தூக்கிக் காட்டி, முரா முரா, மலிவு மலிவு, கடைசிப் பெட்டி என்று கூவியிருக்கிறாள். இவன் கேள்வி எழுதினானாம். அவள் இவன் பெயரைப் படித்து, "மனோ பாஸ், உங்களுக்குத்தான் வச்சிருக்கேன்" என்று மலாயில் சொன்னாளாம்.

"முப்பது வருஷம் கிராணியா இருந்தேன். ஒரு நாய் என்னை பாஸ்னு கூப்பிட்டதில்ல" என்றான், தரையைப் பார்த்தபடி. "சாமான் நல்லா இருந்தா, நபீல் கடையவிட நல்லதா தேடிப் புடிச்சேன்னு அப்புறமா சொல்லலாம்னு நெனச்சேன்."

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்க வரவில்லை. முப்பத்தொரு வருடத்தில் என்னையும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

நபீல் கையை அவிழ்த்தான். எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பவர் சப்ளையை எடுத்தான். பத்து நிமிடத்தில் பூட்டினான். ஷீலா ஒன்பதாவது படத்தை ஓடவிட்டாள். ஒன்று, இரண்டு, பதினொன்று. நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்தோம். பன்னிரண்டு. இருபது. கார்டு பெரிய பூனை மாதிரி உறுமிக்கொண்டே இருந்தது. ஹபீஸா பெருமூச்சு விட்டுவிட்டுத் தேத்தண்ணி கலக்கப் போனாள்.

"ஆனா ஒண்ணு" என்றான் மனோகரன், தெம்பு திரும்பியதும். "கெட்டுப்போன சாமான், அதை ஒத்துக்குறேன். சிமெண்டெல்லாம் இல்ல. எடை சரியா இருந்துச்சு. அது அக்கா அளக்குறது. தொழிற்சாலைக் கதை."

"தொறந்து பாத்துடலாமா அண்ணே?" என்றான் நபீல்.

"கரண்டு அடிக்கும்."

"எனக்கு அதான் வேலை."

நபீல் உடனே திறக்கவில்லை. மதியச் சாப்பாடு முடியும்வரை அந்தப் பெட்டியைச் சும்மா கிடக்கவிட்டான். உள்ளே மின்சாரம் பதுங்கியிருக்கும் என்றான். பிறகு ரப்பர் கையுறை போட்டு, ஸ்குரூ கழற்றி, மூடியைத் தூக்கி, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எங்களை அருகில் கூப்பிட்டான். கடையில் அப்போது சுங்கை பட்டாணியில் பாதி கூடியிருந்தது. எங்கள் ஐந்து பேரையும் சேர்த்து ஒன்பது பேர்.

உள்ளே உண்மையான சாமான் ஒரு பிஸ்கட் பாக்கெட் அளவுகூட இல்லை. மூலையில் கறுப்பு டேப் சுற்றிய கட்டி ஒன்று, பசை வைத்து ஒட்டியிருந்தது. நபீல் டேப்பைக் கிழித்தான். சாம்பல் நிறம்.

"அது சூடு ஏறாம இருக்க வச்சிருப்பாங்க" என்றான் மனோகரன்.

அவன் சாவிக்கொத்தை எடுத்து அதைச் சுரண்டினான். பொடி உதிர்ந்தது. விரலில் தேய்த்தான், முகர்ந்தான். கட்டியைப் பெயர்த்து எடுத்துக் கடைத் தராசில் வைத்தான். தொள்ளாயிரத்துப் பத்து கிராம். எண்ணைப் பார்த்தான். கட்டியைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். கிராணி மூளைக்குள் ஒரு பெரிய புத்தகம் பக்கம் புரள்வது எனக்குக் கேட்டது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் மிகக் கடினமான பத்து நிமிடம் அது.

வீடியோ நாலு பத்துக்கு முடிந்தது. ஷீலா ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். வெயில் விழுகிற சமையலறைக்குள் நாங்கள் எல்லாரும் நடந்துபோனோம். சிங்க் பக்கத்தில் ஒரு கொத்து வாழைப்பழம்கூட வைத்திருந்தாள். கடையின் இணையத்திலேயே அனுப்பினாள். போய்ச் சேர்ந்தபோது நாலு நாற்பத்து மூன்று.

பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். ஹபீஸா கரிபாப் பலகாரத் தட்டை நீட்டினாள். ஷீலா தொடவில்லை. அவர்கள் பார்க்கவே மாட்டார்கள், முதலிலேயே அந்தப் பெண்ணை எடுத்திருப்பார்கள், சோதனையெல்லாம் கண்துடைப்பு என்று என் பங்குக்கு நான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். வெளியே சொல்லவில்லை.

நாலு ஐம்பத்தேழுக்குக் கைப்பேசி அதிர்ந்தது. ஷீலா படித்தாள். மறுபடி படித்தாள். என்னிடம் நீட்டினாள். மலாயில் ஒரே வரி. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் வேலை அனுப்புகிறோம், தயாராக இருங்கள்.

"வந்துடுச்சும்மா" என்றாள். கரிபாப் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். காரம் என்று சொன்னாள். ஹபீஸாவின் கரிபாப்பில் காரமே கிடையாது.

நபீல் கடையைச் சாத்தத் தயாரானான். கதவை இழுக்கும் முன் என்னையும் மனோகரனையும் பார்த்தான். "அக்கா. அண்ணே. குரூப்."

முதலில் நான் பேசினேன். நபீல் கடைச் சாமான் இல்லை, நான் விசாரிக்காமல் வாயை விட்டுவிட்டேன், என்னை மன்னிக்கணும் என்றேன். மூன்று மூட்டை என்றதையும் திருத்தினேன். ஒரு மூட்டைதான் என்றேன். ஷீலா என்னை முறைத்தாள். சரி, ஒரு கட்டி.

மனோகரன் கைப்பேசியை வாய்க்கு அருகில் வைத்து நான்கு தடவை ஆரம்பித்து நான்கு தடவையும் அழித்தான். ஐந்தாம் முறை தொண்டையைச் செருமிக்கொண்டு, சம்பள நாளில் பெயர் வாசிக்கிற குரலில் பேசினான்.

"வணக்கம். நான் மனோகரன், முன்னாள் கிராணி. அந்த பவர் சப்ளையை வாங்குனது நான். லைவ்ல வாங்குனேன். நபீல் கடையில இல்ல. உள்ள தொள்ளாயிரத்துப் பத்து கிராம் சிமெண்டு இருந்துச்சு, நானே நிறுத்துப் பாத்தேன். அதைத் தொறக்குறதுக்கு முன்னாடியே, கையில வச்சுப் பாத்து, எங்க அக்கா சொல்லிச்சு. யாரும் நம்ப மாட்டீங்க. நானும் நம்பல. ஆனா கண்ணைக் கட்டுனது நான்தான். நடந்தது."